மீரா சாகிபு லாரியின் நாலாவது சக்கரம்

மனிதன் கண்டுபிடித்தவற்றுள் மேலானது சக்கரம் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. யோசித்துப் பார்த்தால் அதைவிட மேலானது, உருளுகிற சக்கரத்தை நிறுத்தக் கற்றுக்கொண்டதுதான். ஓடுவது காட்டு மிருகத்துக்கும் தெரியும். நினைத்த இடத்தில் நிற்பது நாகரிகம் அடைந்தவனால் மட்டுமே ஆகிற காரியம். ராஜ்யங்கள் நிலைத்ததும் கவிழ்ந்ததும் இந்த ஒரு வித்தையால்தான்.

மீரா சாகிபுவின் லாரி நிற்பதற்கு மேடு, மணல், மாடு இந்த மூன்றில் ஒன்று எதிரே வரவேண்டும்.

யுத்தத்தின்போது பட்டாளத்துக்கு ஓடி, யுத்தம் முடிந்ததும் ஏலத்துக்கு வந்த லாரி அது. கோட்டைப்பட்டினத்துக் கருவாட்டு வியாபாரி மீரா சாகிபு அதை நாற்பத்தேழில் ஏலத்தில் எடுத்து, முகப்பில் 786 என்று எழுதி, ஏழு வருஷமாகக் கருவாட்டு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். கடற்கரையிலிருந்து அறந்தாங்கி வழியாகப் புதுக்கோட்டை மண்டி வரைக்கும் அதன் ஓட்டம். லாரி வருகிற சேதியை ஹாரனுக்கு முன்னால் வாசனை சொல்லிவிடும். ஊர் எல்லையிலேயே பூனைகள் வந்து காத்திருக்கும்.

அதை ஓட்டுகிறவன் பங்கிராஸ். ஆவூர்க்காரன், முப்பது வயது. நாலு வருஷப் பழக்கத்தில் லாரியின் குணம் அவனுக்கு அத்துப்படி. பிரேக்கை ஒரு தடவை மிதித்தால் ஒன்றும் நடக்காது. இரண்டாவது மிதியில் லாரிக்குத் தகவல் போகும். மூன்றாவது மிதியில் அது யோசிக்க ஆரம்பிக்கும். அறந்தாங்கிச் சந்தையில் நிற்கவேண்டும் என்றால் அதை ஒரு மைலுக்கு முன்பே முடிவு செய்துகொண்டாக வேண்டும்.

இதில் பங்கிராஸுக்குப் பயம் கொஞ்சம்தான். அதைக் காட்டிலும் அவனை அரித்தது ஒரு சந்தேகம். மிதிப்பது தன்னுடைய கால், நிற்பது சக்கரம். நடுவில் என்ன நடக்கிறது? சக்கரத்துக்குப் பின்னால், கவிழ்த்த அண்டாவைப் போல மூடிக்கிடக்கும் அந்த இரும்பு டிரம்முக்குள் என்னதான் இருக்கிறது? சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் இப்படித்தான் ஒன்றைத் துருவித் துருவிக் கேட்டான். காணாததை ஏற்பதற்குப் பெயர்தான் விசுவாசம் என்று சொல்லி, சாமியார் காதைத் திருகி உட்கார வைத்தார். பிரேக்கையும் அவன் அந்த வரிசையிலேயே வைத்திருந்தான்.

மோட்டார் இன்ஸ்பெக்டருக்கு அந்த விசுவாசம் இல்லை. லாரிக்கு வருஷா வருஷம் வாங்கவேண்டிய எப்.சி.க்காகப் போனபோது, மைதானத்தில் நின்று கைக்குட்டையைக் கீழே போட்டார். கைக்குட்டை விழுந்த இடத்தில் லாரி நிற்கவேண்டும் என்பது ஏற்பாடு. லாரி கைக்குட்டையைத் தாண்டி, இன்ஸ்பெக்டரையும் தாண்டி, கற்றாழை வேலிக்குள் போய் நின்றது. வருகிற திங்கட்கிழமை பதினொரு மணிக்குள் பிரேக்கைச் சரிசெய்து காட்டாவிட்டால் லாரி ரோட்டில் ஏறக்கூடாது என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

மீரா சாகிபுவுக்கு இது அநியாயமாகப் பட்டது. “ஓடுறதுக்குத்தான்டா வாடகை குடுக்கிறான். நிக்கிறதுக்கு எவன் குடுக்கிறான்?” என்று பங்கிராஸிடம் கேட்டார். அவருடைய பாட்டனார் காலத்தில் வீட்டில் நாற்பது மாட்டு வண்டிகள் இருந்தனவாம். ஒன்றுக்காவது பிரேக் உண்டா? கடைசியில் மனமிரங்கி இருபத்தைந்து ரூபாய் ஒதுக்கினார். அதற்குள் ஆனால் ஆச்சு, திங்கட்கிழமை எப்.சி. கிடைக்காவிட்டால் லாரியை உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு மறுபடி மாட்டு வண்டி கட்டிவிடுவதாகச் சொல்லிவிட்டார்.

மாட்டு வண்டிக்குச் சேவுகன் இருக்கிறார். மண்டியில் மூன்று தலைமுறையாக வண்டி ஓட்டுகிற குடும்பம். பங்கிராஸுக்கு மாடு ஓட்டவும் தெரியாது. அந்தச் சுற்று வட்டாரத்தில் இருந்ததே நாலு லாரி. மற்ற மூன்றிலும் முதலாளிகளின் மச்சான்கள் உட்கார்ந்திருந்தார்கள். போன தை மாசம்தான் ஞானசெல்வியை அவனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாமனார் பெண்ணைக் கொடுத்தது தனக்கல்ல, லாரிக்குத்தான் என்பது பங்கிராஸுக்கும் தெரியும்.

இருபத்தைந்து ரூபாய்க்கு மெட்ராஸிலிருந்து புதுச் சாமான் வராது. அழகுமலை மேஸ்திரிதான் வருவார்.

திருக்கோகர்ணத்தில் அவருடைய கொட்டகை. வாசலில் ‘சமஸ்தான மோட்டார் நிபுணர்’ என்று போர்டு. சமஸ்தானம் இந்தியாவோடு கலந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. போர்டு இன்னும் கலக்கவில்லை. அரண்மனைக் காரில் பிரேக் போட்டால் பின்சீட்டில் இருக்கிறவர் கையிலுள்ள காப்பி அலுங்காது என்றும், அப்படிப் பிரேக் வைத்த கை இந்தக் கை என்றும் சொல்லி, அழகுமலை வலது கையை நீட்டிக் காட்டினார். பங்கிராஸ் மரியாதையோடு கையைப் பார்த்துவிட்டு, டிரம்மைக் கழற்றும்போது தானும் பார்க்கலாமா என்று கேட்டான்.

மேஸ்திரி லாரிக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு சாக்குப் படுதாவைக் கட்டினார். தொழில் ரகசியமாம்.

வியாழக்கிழமை முழுக்கப் படுதாவுக்குப் பின்னாலிருந்து சுத்தியல் சத்தம் வந்தது. சத்தத்தோடு அவ்வப்போது அரண்மனைக்கு ஏற்காத வார்த்தைகளும் வந்தன. சாயங்காலம் வரை ஒரு டிரம்கூட அசையவில்லை. ஏழு வருஷ உப்புக்காற்றில் இரும்பும் இரும்பும் சம்பந்தியாகிப் போயிருந்தன. மேஸ்திரி டீ குடிக்கப் போன நேரத்தில் பங்கிராஸ் படுதாவை விலக்கிக்கொண்டு உள்ளே போனான்.

சக்கரத்தைக் கழற்றி வைத்திருந்தது. டிரம்மின் முகத்தில் எதிரெதிராக இரண்டு துளைகள். குனிந்து விரலால் தடவினான். துளைக்குள் மரை வெட்டியிருந்தது; ஆனால் போல்ட் எதுவும் இல்லை. இது அவனுக்கு விசித்திரமாகப் பட்டது. ஒருத்தன் மெனக்கெட்டு மரை வெட்டியிருக்கிறான்; அப்புறம் அதில் ஒன்றையும் மாட்டாமல் விட்டிருக்கிறான். எதற்காக? கொட்டகையில் கிடந்த போல்ட்டுகளில் அளவு பொருந்துகிற இரண்டைத் தேடி எடுத்துத் துளைகளில் முடுக்கினான். இதில் கால் சுற்று, அதில் கால் சுற்று என்று மாற்றி மாற்றி முடுக்க, போல்ட்டின் நுனி உள்ளே முட்டுக்கொடுத்து டிரம்மை வெளியே தள்ளியது. ஒரு முனகலோடு அது கழன்று வந்தது.

டீ குடித்துவிட்டு வந்த அழகுமலை அதைப் பார்த்து, தானும் அதைத்தான் செய்வதாக இருந்ததாகச் சொன்னார்.

டிரம்முக்குள்ளிருந்து முதலில் கொட்டியது கருவாட்டுத் தூள். படிக்கணக்கில் கொட்டியது. எங்கிருந்தோ மூன்று பூனைகள் வந்து சேர்ந்தன. அவற்றை விரட்டிவிட்டுப் பங்கிராஸ் விளக்கை எடுத்துக்கொண்டு கிட்டத்தில் உட்கார்ந்தான். நாலு வருஷ ரகசியம் எதிரே திறந்து கிடந்தது. பிறை வடிவத்தில் இரண்டு இரும்புகள். முதுகோடு முதுகாக இல்லாமல் வயிறும் வயிறும் பார்த்தபடி நின்றன. இரண்டையும் இழுத்துப் பிடிக்க ஒரு ஸ்பிரிங். மேலே விரல் பருமனில் ஒரு குழல். பெடலை மிதித்தால் குழாய் வழியாக எண்ணெய் வந்து அந்தக் குழலை முட்டும். குழல் இரண்டு பிறைகளையும் விலக்கும். அவை சுற்றுகிற டிரம்மின் உள்சுவரில் போய் உரசும். உரசுகிற பக்கத்தில் தடித்த பட்டை ஒன்று வைத்து ரிவிட் அடித்திருக்கவேண்டும். அதற்கு லைனிங் என்று பெயர். அந்தப் பட்டை காகிதமாகத் தேய்ந்திருந்தது. தேய்ந்ததால் பிறைகள் வெகுதூரம் விலகவேண்டியிருந்தது. அதனால்தான் மூன்று மிதி.

இவ்வளவுதானா என்று அவனுக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, இவ்வளவை வைத்துக்கொண்டா ஒரு லாரி கருவாட்டை நிறுத்துகிறார்கள் என்று ஆச்சரியம் வந்தது. ஆவூர்ச் சாமியாரும் அந்த மூடியைத் திறந்து காட்டியிருந்தால் தான் ஒருவேளை பக்திமானாகியிருக்கலாம் என்று நினைத்தான்.

வெள்ளிக்கிழமை படுதா இல்லை. ஆனால் மேஸ்திரி நிபுணர் என்பதால், ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றாமல் நாலையும் ஒரே மூச்சில் கழற்றி, எட்டுப் பிறைகளையும் ஒரே குவியலாகப் போட்டுவிட்டார். ஒரு பக்கத்தைக் கழற்றாமல் விட்டிருந்தால் அதைப் பார்த்து இதை மாட்டியிருக்கலாம். இப்போது எது எந்தச் சக்கரத்துக்கு, எது முன்னே, எது பின்னே என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. அரண்மனையில் இதற்கென்று சீட்டு ஒட்ட ஓர் ஆள் இருந்தானாம். பங்கிராஸ் குவியலோடு மத்தியானம் வரை உட்கார்ந்தான். தேய்ந்த இடத்தில் ரிவிட் தலைகள் வெளியே வந்து டிரம்மின் உள்சுவரில் கோடு கிழித்திருந்தன. ஒவ்வொரு கோட்டுக்கும் பொருந்துகிற ரிவிட்டைத் தேடி, கைரேகை பார்க்கிறவனைப் போல எட்டையும் அதனதன் வீட்டில் சேர்த்தான். தான் வைத்த பரீட்சையில் அவன் தேறிவிட்டதாக அழகுமலை அறிவித்தார்.

புது லைனிங்குக்கு அரிசி ஆலையில் அறுந்து கிடந்த பெல்ட் கிடைத்தது. ரப்பரும் கித்தானும் சேர்த்து நெய்த முரட்டுப் பெல்ட். அதை அளவாக வெட்டி, செம்பு ரிவிட் வைத்து, ரிவிட் தலை பட்டைக்குள் புதையும்படி அறைந்தார்கள். இந்த இடத்தில் மட்டும் அழகுமலையின் கை உண்மையிலேயே நல்ல கை. சனிக்கிழமை சாயங்காலம் லாரியை ஓட்டிப் பார்த்தபோது முதல் மிதியிலேயே நின்றது. பழக்கதோஷத்தில் பங்கிராஸ் நின்ற லாரியை இன்னும் இரண்டு தடவை மிதித்தான்.

ஒரே ஒரு குறை. நிற்கும்போது சக்கரங்கள் வீறிட்டன. அதிலும் இடது பின் சக்கரம் பிரசவ வலி கண்டதுபோல அலறியது. புதுப் பட்டை நாலு நாள் கத்தும், தேய்ந்தால் அடங்கும் என்றார் மேஸ்திரி. அதுவும் சரியான பேச்சுதான். பங்கிராஸ் நிம்மதியாக ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு ஆவூருக்குப் பஸ் ஏறினான்.

அன்றைக்குப் பார்த்துத்தான், இருபத்தைந்து ரூபாய் என்ன ஆயிற்று என்று நேரில் காண மீரா சாகிபு வந்து இறங்கினார். கொட்டகை ஆட்களைத் தள்ளச் சொல்லி, அழகுமலையைப் பிரேக் போட வைத்துப் பார்த்தார். வீறிடலைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. சக்கரம் கத்தினால் வண்டி கட்டுகிற பரம்பரைக்கு அர்த்தம் ஒன்றுதான், மருந்தும் ஒன்றுதான். விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து, மூங்கில் குழாயில் அடைத்து, மாட்டு வண்டியின் அச்சுக்குப் பூசுகிற மை. மண்டிக்கு ஆள் அனுப்பிச் சேவுகனை மைக்குழாயோடு வரவழைத்தார்.

இதைப் போடலாமா என்று ஒரு வார்த்தை மேஸ்திரியைக் கேட்கவும் கேட்டார். அழகுமலைக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லி அவருக்குப் பழக்கம் இல்லை. அரண்மனையிலும் போடுவது உண்டு என்று சொல்லிவிட்டு வெற்றிலை வாங்கப் போனார்.

சேவுகன் தொழிலில் சுத்தக்காரர். டிரம்மின் பின்தட்டில் இருந்த ஓட்டை வழியாகக் குச்சியில் துணி சுற்றி நாலு சக்கரத்துக்கும் மை ஏற்றினார். அதிகம் அழுத இடது பின் சக்கரத்துக்கு இரண்டு மடங்காக ஏற்றினார்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, மீரா சாகிபு புதுத் தொப்பியோடு முன்சீட்டில் உட்கார, சேவுகன் பின்னால் ஏற, லாரி புறப்பட்டது. குளத்தங்கரை இறக்கத்தில் பங்கிராஸ் பெடலை மிதித்தான்.

“சத்தத்தைக் காணோம், பாத்தியா?” என்றார் மீரா சாகிபு.

“பிரேக்கையும் காணோம் முதலாளி.”

எதிரே மேடு இல்லை, மணல் இல்லை. மாடு ஒன்று நின்றது. அதுவும் நிலைமையைப் புரிந்துகொண்டு விலகிப் போய்விட்டது. பங்கிராஸ் கியரைக் குறைத்து, ஸ்டியரிங்கை ஒடித்து, லாரியைக் குளத்துக்கரையின் சரிவில் ஏற்றினான். கரையேறப் பிடிக்காமல் அது தானாக நின்றது.

கீழே இறங்கி டிரம்மைத் திறந்ததும் விளக்கெண்ணெய் வாசனை அடித்தது. மீரா சாகிபு நடந்ததைப் பெருமையோடு விளக்கினார். பங்கிராஸ் முழுவதையும் கேட்டான்.

“முதலாளி, அச்சுல மை போடுறது வழுக்குறதுக்கு. இது ஒரசுனாத்தான் வேலை. ஒரசாம இருக்க மருந்து போட்டுட்டீங்களே.”

“அத அந்த அரமணைக்காரன் ஏன் சொல்லல?”

சேவுகன் மைக்குழாயை எடுத்துத் துண்டுக்குள் சொருகிக்கொண்டு குளத்தைப் பார்த்தார்.

பதினொரு மணிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. பட்டையில் ஊறிய எண்ணெயை எப்படி எடுப்பது? துடைத்தால் மேலே இருந்த மை மட்டும் போனது. பங்கிராஸ் ஒரு பட்டையை முகர்ந்து பார்த்து யோசித்தான். வீட்டில் ஞானசெல்வி எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த தோசைக்கல்லை அடுப்பில் கவிழ்த்துப் போட்டு எரித்து எடுப்பாள். டாங்கியிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் பிடித்து ஒரு பட்டையை நனைத்து, தள்ளி வைத்துத் தீக்குச்சியைக் காட்டினான். குப்பென்று எரிந்தது. உள்ளிருந்த விளக்கெண்ணெய் நுரைத்துக்கொண்டு வெளியே வந்து கருகியது. இருபது வரை எண்ணி, ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கினான். எடுத்துத் தேய்த்துப் பார்த்தால் பட்டை உலர்ந்து சொரசொரப்பாக இருந்தது.

இப்படியே மூன்று சக்கரங்கள் ஆயின. நாலாவது, இரண்டு மடங்கு மை குடித்த இடது பின் சக்கரம். பங்கிராஸ் மற்ற மூன்றையும் பூட்டிக்கொண்டிருந்ததால் அந்த இரண்டு பிறைகளையும் எரிக்கிற பொறுப்பை மீரா சாகிபு ஏற்றுக்கொண்டார். இருபது எண்ணியதும் சேவுகன் சாக்கைத் தூக்கினார். இன்னும் நுரைக்கிறது, விடு என்றார் மீரா சாகிபு. நாற்பதில் மறுபடி தூக்கினார். அரைகுறையாகச் செய்வது தன் வீட்டு வழக்கமில்லை என்றார் மீரா சாகிபு. அறுபதில் நுரை நின்றது. சாக்கைப் போட்டு எடுத்தபோது எண்ணெய் சுத்தமாகப் போயிருந்தது. பட்டையும் சுத்தமாகப் போயிருந்தது. வெறும் இரும்பும் ஆறாறு செம்பு ரிவிட்டும் மிச்சம்.

பங்கிராஸ் பூட்டுவதை விட்டுவிட்டு வந்து பார்த்தான்.

“ஒரு சக்கரந்தானே,” என்றார் மீரா சாகிபு. “மூணும் நிக்கையில அது மட்டும் எங்கிட்டுப் போயிரும்?”

அதில் நியாயம் இருப்பதாகத்தான் பங்கிராஸுக்கும் பட்டது. வேறு பெல்ட்டுக்கும் நேரம் இல்லை. ரிவிட்டுகளைத் தட்டி எடுத்து, கரியை மண் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெறும் இரும்பு டிரம்மில் படாதபடி அந்தச் சக்கரத்துக்கு எண்ணெய் வருகிற குழாயை நசுக்கி அடைத்து மாட்டினான். பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் லாரி மைதானத்துக்குள் நுழைந்தது.

இன்ஸ்பெக்டர் அன்று அவசரத்தில் இருந்தார். திருச்சியிலிருந்து பெரிய அதிகாரியின் குடும்பம் சித்தன்னவாசல் ஓவியத்தைப் பார்க்க வருகிறது. பன்னிரண்டு மணிக்கு அவர் அங்கே நின்று, ஓவியத்தில் உள்ள தாமரைக்குளத்தைப் பற்றி விளக்கியாக வேண்டும். விளக்கம் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் இருந்தது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கற்றாழை வேலியிலிருந்து வெகுதூரம் தள்ளி நின்று, கைக்குட்டையைப் போட்டார்.

பங்கிராஸ் மிதித்தான். லாரி நின்றது. கொஞ்சம் வலது பக்கமாகக் கோணிக்கொண்டு, கைக்குட்டையின் மேலேயே நின்றது. மீரா சாகிபு இங்கிட்டும் அங்கிட்டும் திரும்பி, மைதானத்தில் இல்லாத கூட்டத்தைப் பார்த்துத் தலையசைத்தார்.

இன்ஸ்பெக்டர் கிட்டே வந்தவர் மூக்கைச் சுளித்தார். ஏதோ தீய்ந்த வாடை வருகிறதே என்றார். கருவாடுங்க என்றார் மீரா சாகிபு. அரசாங்க மூக்கு அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு சக்கரத்தைக் கழற்றி உள்ளே காட்டச் சொன்னார். எந்தச் சக்கரம் என்று தீர்மானிக்க லாரியைச் சுற்றி ஒரு நடை வந்தார். வெயில் கொளுத்தியது. மைதானத்தில் இருந்ததே ஒரு வேப்பமரம். அதன் நிழல் இடது பின் சக்கரத்தின் மேல்தான் விழுந்திருந்தது. இன்ஸ்பெக்டர் அந்த நிழலுக்குள் போய் நின்றுகொண்டு, கைத்தடியால் எதிரே இருந்ததைத் தட்டினார்.

“முன் சக்கரம்னா வெரசாக் கழட்டிரலாங்க,” என்றான் பங்கிராஸ்.

இன்ஸ்பெக்டர் அவனை ஒரு பார்வை பார்த்தார். பதினொரு வருஷ சர்வீஸில் இந்த மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம் என்கிற பார்வை. தடியை மறுபடி அதே சக்கரத்தில் தட்டினார்.

ஜாக்கி வைத்துத் தூக்கும்போது பங்கிராஸுக்கு மாமனாரின் முகம் வந்து போனது. சேவுகன் தூரத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். மீரா சாகிபு பழைய இரும்பு இப்போது எடைக்கு என்ன விலை என்று வாய்க்குள் முனகத் தொடங்கியிருந்தார். சக்கரம் கழன்றது. டிரம் கழன்றது. இரண்டு வெற்றுப் பிறைகளும் குளத்துத் தண்ணீரில் கழுவிய பளபளப்போடு வெளிச்சத்துக்கு வந்தன.

இன்ஸ்பெக்டர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து இன்னொரு கைக்குட்டையை எடுத்து ஒரு பிறையின் முதுகில் நெடுக ஓட்டிப் பார்த்தார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. நிமிர்ந்து மீரா சாகிபுவைப் பார்த்தபோது அவர் முகத்தில் ஒரு கனிவு வந்திருந்தது. வருகிற லாரியில் எல்லாம் இந்த இடத்தில் ஏதோ அழுக்குப் பட்டையை ஒட்டிவைத்துக்கொண்டு வருகிறார்கள். இரும்பை இரும்பாகப் பராமரிக்கிற ஒருத்தரை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றார்.

பானட்டின் மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். ‘பிரேக்: மிக நன்று’ என்று தம் கையால் ஒரு வரியும் சேர்த்தார். ஜீப்பை நோக்கி நாலு எட்டு வைத்தவர் திரும்பி வந்து, பங்கிராஸிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நம்ம ஜீப்புக்கும் இதே மாதிரி வச்சுக் குடுக்கச் சொல்லுப்பா ஒங்க மேஸ்திரிகிட்ட.”

பங்கிராஸ் சரிங்க என்றான்.

அந்த லாரியின் நாலு சக்கரங்களில், பிரேக் இல்லாத சக்கரம் அது ஒன்றுதான்.